முள் சிலிர்க்காத செய்தி

ஒரு காட்டில், ஏரிக்கரைக்குக் கீழே வளை தோண்டி, பிரபாவதி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தாள். படித்தவள். செய்திகளில் சாய்வு கண்டுபிடித்துக் கண்டனக் கடிதம் எழுதுவது அவள் தொழில் இல்லை. ஆனால் அவளுக்கு வேறு தொழிலும் இல்லை. எழுதுகோலுக்கு அலைய வேண்டியதில்லை, முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினால் போதும். ஒவ்வொரு கடிதத்துக்கும் கொஞ்சம் வலிக்கும். வலித்து எழுதியதெல்லாம் உண்மை என்று அவள் நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் காட்டில் செய்தி சொல்பவன் மாசிலாமணி என்ற கரிச்சான். விடிந்ததும் பட்டுப்போன வேங்கை மரத்தின் உச்சியில் உட்கார்ந்து, யாரைப் பற்றிய செய்தியோ அவர் குரலிலேயே சொல்வான். கட்சிகள் இரண்டு. யானைகள் ஆண்டன, காட்டெருமைகள் அடுத்து ஆளக் காத்திருந்தன. யானைச் செய்தியை அவன் சளி பிடித்த குரலில் சொல்வதாகப் பிரபாவதி நாற்பது கடிதம் எழுதியிருந்தாள். காட்டெருமைக் குரலில் அவளுக்குக் குறை தெரியவில்லை. அதுகள் குரல் அப்படித்தானே இருக்கும்.

தான் எந்தக் கட்சியும் இல்லை என்று அவள் எல்லோரிடமும் சொல்வாள். தேர்தல் வந்தால் யானைகளுக்குத்தான் வாக்களிப்பாள். ஆனால் ஒவ்வொரு முறையும் நன்றாக யோசித்துவிட்டுத்தான் வாக்களிப்பாள்.

ஒரு நாள் மாசிலாமணி மேல் வந்த புகார்களை விசாரிக்கக் காட்டுச் சபை கூடியது. மரத்தையே வெட்டிவிடலாம் என்றது ஒரு தரப்பு. கட்சிக்கு ஒரு கரிச்சான் வைக்கலாம், பிடித்ததைக் கேட்டுக்கொள்ளட்டும் என்றது இன்னொன்று. கேட்பவர்கள் கொஞ்சம் யோசித்துக் கேட்டால் என்ன என்று ஒரு கிழ ஆமை சொன்னது. அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கடைசியில் பிரபாவதியின் கடிதக் கட்டு யாருடைய காலிலோ இடறியது. இவ்வளவு கடிதம் எழுதியவளுக்குத் தெரியாத சாய்வா என்று அவளையே சாய்வு அளவை அதிகாரியாக்கினார்கள். மரத்தடியில் ஒரு பாறையும், படிவம் எழுதக் காய்ந்த தேக்கிலைகளும் கொடுத்தார்கள்.

அவள் அன்றே இரண்டு விதிகள் எழுதினாள். எந்தச் செய்தியையும் மாசிலாமணி முதலில் அவள் காதில் சொல்ல வேண்டும். சாய்வு இருந்தால் அவளுக்கு முள் சிலிர்க்கும். எத்தனை முள் என்று பாறைமேல் விழும் நிழலைப் பார்த்து அவளே எண்ணிக்கொள்வாள். அத்தனை முள் கனத்துக்கு மறு கட்சியைக் குத்தும் செய்தி ஒன்று ஜோடியாகக் கிடைத்த பிறகே இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம். ஒரு முள்ளும் சிலிர்க்காவிட்டால் உடனே சொல்லலாம். இது முதல் விதி. இரண்டாவது இன்னும் சுருக்கம்: பாதிக்கப்பட்டவர் பேச்சைச் செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அவருக்குச் சாய்வு இருக்கும்.

விஞ்ஞானபூர்வமாக இருக்கிறது என்று சபை பாராட்டியது.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. காட்டெருமைகள் மான்களின் புல்லை மிதித்த செய்திக்கு அவளுக்கு ஒரு முள்கூட அசையவில்லை, உடனே வெளியானது. யானைகள் மூங்கிலை முறித்த செய்திக்குப் பதினெட்டு முள் எழுந்தது, ஜோடிக்காகக் காத்திருந்தது. இப்படியே யானைச் செய்திகளெல்லாம் பாறையடியில் சேர்ந்தன. சாய்வு எந்தப் பக்கம் அதிகம் என்று இப்போதாவது தெரிகிறதா என்று அவள் அந்தக் குவியலைக் காட்டிக் கேட்பாள்.

ஐப்பசியில் ஒரு காலை மாசிலாமணி பதறி வந்தான். ஏரிக்கரை தெற்கு மூலையில் கசிகிறதாம். போன கோடையில் யானைகள் உயர்த்திக் கட்டிய கரை அது. அவன் சொல்லி முடிக்கும் முன்பே அவள் முதுகு முழுவதும் எழுந்து நின்றது. எண்ணினாள். அறுபத்திரண்டு.

"மேடம், இது கட்சி விஷயம் இல்ல, தண்ணி" என்றான் மாசிலாமணி.

"தண்ணிதான் தம்பி. ஆனா யார் கட்டின கரை?" என்றாள் பிரபாவதி. "காட்டெருமை பக்கம் அறுபத்திரண்டு முள்ளுக்கு ஒண்ணு கொண்டா. சேர்த்துச் சொல்லிடலாம்."

அவன் பறந்து பறந்து தேடினான். காட்டெருமை ஒன்று குட்டையைக் கலக்கியதைக் கொண்டுவந்தான். முள் எழவில்லை. இன்னொன்று மான் கன்றை முட்டித் தள்ளியதைக் கொண்டுவந்தான். அதற்கும் எழவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு ஏன் சிலிர்க்க வேண்டும் என்று அவள் கேட்டாள். அவள் ஏமாற்றவில்லை. மூச்சைப் பிடித்து முயன்றுகூடப் பார்த்தாள். கனமாக ஏதாவது தவறு செய்து உதவும்படி காட்டெருமைகளுக்கு ஒரு தேக்கிலை அனுப்பினாள். இந்த மாதம் ஏற்கெனவே நான்கு செய்துவிட்டோம், ஒன்றுகூடத் தங்கள் அலுவலகத்தில் கனக்கவில்லை என்று அறிகிறோம் என மரியாதையாகப் பதில் வந்தது.

பக்கத்து வளையில் பொன்னுத்தாய் என்ற கீரி மூன்று குட்டிகள் போட்டிருந்தாள். அவள் பிரபாவதியின் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, தரையெல்லாம் ஊறுது. குட்டிங்க வயிறு நனைஞ்சு கெடக்குதுங்க. கண்ணுகூட இன்னும் தெறக்கல. தூக்கிட்டுப் போயிடவா, இருக்கவா?"

பிரபாவதியின் வளையிலும் ஈரம்தான். காலையில்தான் பழைய கடித நகல்களை வெயிலில் காய வைத்திருந்தாள். வா, இரண்டு பேரும் போய்விடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அங்கே இரண்டாம் விதி நின்றது. ஈரம் தன் வளையில் இருக்கிறது. ஆகவே தான் பாதிக்கப்பட்டவள். பாதிக்கப்பட்டவளின் பேச்சை நம்பினால், அது தன் பேச்சாகவே இருந்தாலும், சாய்வுதான். தன்னையே நம்ப மறுத்ததில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமைகூட வந்தது.

"செய்தியில வரட்டும், பார்க்கலாம்" என்றாள்.

"நீ படிச்சவ, நீ சொன்னா சரிதான்" என்று பொன்னுத்தாய் உள்ளே போனாள்.

மறுநாள் உச்சிவெயிலில் கரை உடைந்தது. மாசிலாமணி விதியை மறந்து தன் சொந்தக் குரலில் கத்தினான். அந்தக் குரலை யாரும் அதுவரை கேட்டதில்லை. ஏதோ வெளியூர்ப் பறவை என்று நினைத்தார்கள். தண்ணீர் வந்தது. கடிதங்கள் போயின. தேக்கிலைகள் போயின. ஓடியவர்கள் எல்லோரும் வேங்கை மரத்தடிப் பாறையில் ஏறினார்கள். பொன்னுத்தாயும் ஏறினாள், வாயில் ஒரு குட்டி, முதுகில் ஒரு குட்டி. எதையும் எண்ணிப் பழகிய பிரபாவதி அப்போது எண்ணவில்லை.

தண்ணீர் வடியும் முன்பே இரண்டு புகார்கள் அவள் கைக்கு வந்தன. செய்தியை அமுக்கி வைத்து, கரையை உடையவிட்டு, காட்டெருமைகளுக்கு ஆதாயம் தேடித் தந்தாள் என்றது யானைகளின் புகார். யானைகளின் மானத்தைக் காப்பாற்றவே அமுக்கினாள் என்றது காட்டெருமைகளின் புகார். அவள் அளந்து பார்த்தாள். இரண்டும் ஒரே நீளம். முதுகைத் தடவிப் பார்த்தாள். ஒரு முள்ளும் எழவில்லை. இத்தனை வருடமாகக் கடிதம் கடிதமாக அவள் தேடிய நடுநிலை ஈர இலை இரண்டாகக் கையில் இருந்தது. அழுகை வந்தது அவளுக்கு. சந்தோஷத்தில்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பொன்னுத்தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குட்டிகள் இரண்டையும் இறக்கிவிட்டுத் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கும் ஒரு மனு எழுதிக் குடு அக்கா. கரை ஊறுறது நம்ம ரெண்டு பேருக்கும் முன்னாடியே தெரியும்ல? அதை மட்டும் எழுது."

பிரபாவதி ஒரு முள்ளைப் பிடுங்கினாள். வலித்தது. அது எத்தனையாவது புகார் என்று யோசித்தாள். மூன்றாவது. மூன்றை இரண்டு பக்கமாகச் சமமாகப் பிரிக்க முடியாது. போதாக்குறைக்கு, கேட்பவளும் பாதிக்கப்பட்டவள்.

பிடுங்கிய முள்ளை மறுபடி முதுகிலேயே செருகப் பார்த்தாள். அது நிற்கவில்லை.

நீதி: இரண்டு பக்கமும் ஏசும்வரை நடுவில் நிற்பவர் மேல் குற்றமில்லை, மூன்றாவதாக ஒருவர் அழுதால் அதைப் பதிவு செய்யாமல் இருந்தால் போதும்.