மேற்படி நாயை ஞாயிற்றுக்கிழமைக்குள் அழைத்துச் செல்வது குறித்து

உத்திரமேரூர்,
புதன்கிழமை, மாலை.

அன்பு மருமகள் தேவயானிக்கு, உன் தாய்மாமன், வழக்கறிஞர் ஏகாம்பரம் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தை பவளமும் நலம். நலம் என்ற சொல்லை ஆதாரத்தின் பேரில் அல்லாமல் வழக்கத்தின் பேரில் எழுதியிருக்கிறேன் என்பதை நீ கவனத்தில் கொள்ள வேண்டும். சென்னையில் நீயும், உன் வேலையும், உன் நாய் மீட்புக் குழுவின் பன்னிரண்டு நாய்களும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். செங்கல்பட்டு சாலையில் லாரி தட்டி, இடது பின்னங்கால் முறிந்து கிடந்த ஒரு செவலைப் பெண் நாயை நீ எடுத்துப் போய் மருத்துவம் பார்த்தாய். சென்ற ஆடி மாதம் அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்து, "நிரந்தரமா ஒரு வீடு கிடைக்கிற வரைக்கும்தான் மாமா, பதினஞ்சே நாள்" என்று சொல்லி விட்டுப் போனாய். இன்று எழுபத்து மூன்றாவது நாள். நான் எதையும் வாய்ப்பேச்சில் விடுகிறவன் இல்லை என்பதால் அன்றே ஓர் உடன்படிக்கை எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். அதன் ஏழாவது பிரிவில், இந்த நாயைக் கேட்டு வருகிறவர்களுக்கு என்ன தகுதி வேண்டும் என்று வரையறுத்தேன். அதற்கு நான் வெளியூர் போகவில்லை. ஊர்ச்சபையில் உட்கார யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்று ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே நம் ஊர்க் கோயில் சுவரில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து மூன்றை எடுத்துக்கொண்டேன். ஒன்று, சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். இரண்டு, வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். மூன்று, முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் கூடாது. இந்த மூன்றாவதை நாய்க்குப் பொருந்தும்படி, முன்பு நாய் வளர்த்து அது என்ன ஆயிற்று என்று சொல்ல முடியாதவரும் அவருடைய உறவினரும் தகுதியற்றவர் என்று மாற்றினேன். நீ சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு, "நீங்களே வெச்சுக்கக் கூடாதா மாமா?" என்று கேட்டாய். மூன்றாவது நிபந்தனையின்படி எனக்குத் தகுதியில்லை என்றேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் என் வீட்டின் இன்றைய நிலைமை. நீ அதற்கு ப்ரௌனி என்று பெயர் வைத்திருந்தாய். பெயர் வைத்துக் கூப்பிட்டால் அது உரிமை கொண்டாடுவதற்கு முதல் சான்று ஆகிவிடும் என்பதால், உடன்படிக்கையில் உள்ளபடி 'மேற்படி நாய்' என்றே நான் குறிப்பிட்டு வந்தேன். மேற்படிக்குச் சோறு போட்டாயிற்றா, மேற்படியின் மாத்திரை எங்கே, மேற்படி ஏன் என் கறுப்புக் கோட்டின் மேல் படுத்திருக்கிறது என்று நாளுக்கு நாற்பது முறை கேட்டதன் விளைவாக, இப்போது ப்ரௌனி என்றால் அது சுவரைப் பார்க்கிறது, மேற்படி என்றால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவருகிறது. தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. மீன்கார அம்மா கூடையை இறக்கும்போதே, "இன்னா மேற்படி, நாஷ்டா ஆச்சா?" என்கிறார். கோர்ட்டில் நீதிபதி மேற்படி வழக்கு என்று சொல்லும்போதெல்லாம் என் கண் வாசல் பக்கம் போகிறது.

அடுத்து, அதற்கு லாரிச் சத்தம் ஆகாது. அது விபத்தில் அடிபட்ட ஜீவன், குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் என் வீடு இருப்பது வந்தவாசி போகும் சாலையில். போன வாரம் ஒரு பெரியவர் உயில் எழுத வந்தார். எல்லாம் வாசித்துக் காட்டி, கைரேகை வைப்பதற்கு மைப்பெட்டியைத் திறந்தேன். வெளியே ஒரு லாரி பிரேக் போட்டது. மேஜைக்கு அடியில் இருந்த மேற்படி மேஜைக்கு மேலே வந்து, மைப்பெட்டியில் ஒரு காலும் உயிலில் ஒரு காலும் வைத்து, என் மடியில் இறங்கி முகத்தைப் புதைத்துக்கொண்டது. பெரியவர் உயிலைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா வக்கீல் சார், இது சாட்சியா, இல்ல இதுக்கும் ஒரு பங்கு எழுதிக்கினியா?" என்றார். மறுபடி முதல் பக்கத்திலிருந்து எழுதினேன்.

மழை தொடங்கியதிலிருந்து அது ஓரிடத்தில் இருப்பதில்லை. வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடக்கிறது. அது நடந்தால் நான் நடக்கிறேன், நான் நடந்தால் அது நடக்கிறது, யார் முதலில் தொடங்குகிறோம் என்பது இதுவரை நிரூபணமாகவில்லை. இந்தக் கடிதத்தையே பீரோவின் மேல் தாளை வைத்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். "ரெண்டு பேரும் ஒரு எடத்துல குந்துங்களேன். சோத்த வடிக்கிறதுக்குள்ள எனக்குத் தல சுத்திக்கினு கீது" என்கிறாள் உன் அத்தை.

நாயைக் கேட்டு வந்தவர்கள் மூன்று பேர். முதலில் அரிசி மில் சுகுமார். சொந்த மனை, சொந்த வீடு, வயது நாற்பத்திரண்டு. இதற்கு முன் நாய் வளர்த்ததுண்டா என்றேன். "அது கீது சார் நாலஞ்சு. ஒண்ணு போனா ஒண்ணு வரும்." அவை என்ன ஆயின என்றேன். "நாய்தானே சார், எங்க பூடுச்சோ யாருக்குத் தெரியும்?" என்றார். அத்துடன் விசாரணை முடிந்தது. அடுத்து சாம்சன், ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியர். நல்ல மனிதர். மேற்படி அவர் செருப்பின் மேல் தலை வைத்துப் படுத்தது. ஆனால் வயது எழுபத்திரண்டு. "எழுபத்திரெண்டுன்னா இன்னா சார்? தெனம் ஆறு கிலோமீட்டர் நடக்கிறேன். நீங்க கோர்ட் படி ஏறும்போதே மூச்சு வாங்குறீங்க" என்றார். உண்மைதான், ஆனாலும் கல்வெட்டு எழுபது என்கிறது. திருப்பி அனுப்பினேன்.

மூன்றாவது, நீ அனுப்பிய சசிரேகா அம்மாள். போன சனிக்கிழமை நானே பஸ் ஏறி, தாம்பரம் பக்கத்தில் உள்ள அவர் வீட்டை நேரில் பார்வையிட்டேன். சொந்த மனை. வயது முப்பத்தொன்பது. சுற்றுச்சுவர் ஐந்தடி இரண்டு அங்குலம், கேட்டுக்கு அடியில் இடைவெளி மூன்று விரல். தெருவில் லாரி வராது, அரை மணி நேரம் நின்று பார்த்தேன். அவர் வளர்த்த பழைய நாய் பதினான்கு வருடம் இருந்திருக்கிறது. அதன் தடுப்பூசிப் புத்தகம், போட்டோ, இறந்த தேதி எல்லாம் ஒரு கோப்பில் வைத்திருக்கிறார். ஒன்றரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தும் ஒரு முரண்பாடு அகப்படவில்லை. முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஒரு சாட்சியை நான் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

இப்போது என் தகுதியின்மை. பத்து வருடத்துக்கு முன், அந்தப் பெருமழைக்காலத்தில், ஏரிக்கரையில் இருந்த பழைய வீட்டைக் காலி செய்துகொண்டு இந்த வீட்டுக்கு வந்தோம். எங்களிடம் சிப்பாய் என்று ஒரு கறுப்பு நாய் இருந்தது. சாமான் ஏற்றிய லாரியில் அது ஏறவில்லை. நாளைக்கு வந்து கூட்டிக்கினு போறேன் என்று அதனிடம் சொன்னேன். மறுநாள் பாலத்தின் மேல் தண்ணீர். அடுத்த நாள் கோர்ட்டில் ஒரு வாய்தா, விட முடியவில்லை. நான்காம் நாள் போனேன். பூட்டின வீடு இருந்தது, அது இல்லை. சுற்றிலும் விசாரித்தாயா என்று கேட்டால், விசாரிக்கவில்லை. வீட்டைக் காலி செய்கிறவன் நாயை மட்டும் விட்டுப்போனான் என்பதை நானே என் வாயால் சொல்ல வேண்டுமே என்று வெட்கமாக இருந்தது. அன்று முதல் இன்று வரை அந்தக் கணக்கு என்னிடம் இல்லை. சுகுமாரிடம் நான் கேட்ட கேள்விக்கு என்னிடமும் அதே பதில்தான், அவர் சிரித்துக்கொண்டு சொன்னார் என்பது மட்டும்தான் வித்தியாசம். ஆகவே நான் வைத்துக்கொள்ள முடியாது. உறவினர் என்ற முறையில் பவளமும் முடியாது. யோசித்தால் நீயும் முடியாது.

எனவே, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு சசிரேகா அம்மாள் வரட்டும் என்று நீ சொன்னதை மாற்றி, சனிக்கிழமையே வரச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் வெள்ளிக்கிழமை. அதன் மாத்திரை, தட்டு, அது கிழித்த என் துண்டு எல்லாம் ஒரு பையில் கட்டித் தயாராக இருக்கின்றன. நான் அன்று கோர்ட்டில் இருப்பேன். என் முடிவில் மாற்றம் இல்லை.

உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு நல்ல உடம்பும் நிறைந்த ஆயுளும் நாய்க்கடி இல்லாத வருடங்களும் வாய்க்க, உன் மாமனும் அத்தையும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
அ. ஏகாம்பரம்

பின்குறிப்பு: வியாழன், காலை. நேற்று மழையில் தபாலாபீஸ் போகவில்லை. "போட்டோ புடிச்சி போன்ல அனுப்பினா ஆச்சு, இதுக்கு இன்னாத்துக்குத் தபாலு" என்றாள் பவளம். நல்லவேளையாக நான் கேட்கவில்லை.

இன்று காலை செங்கேணி வந்தார். ஏரிக்கரை இருளர் குடியிருப்பில் இருப்பவர், நம் கழனியில் களையெடுக்க வருபவர். மகளின் சாதிச் சான்றிதழுக்கு மனு எழுதக் கேட்டு வந்தார். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது மேற்படி அவர் காலடியில் போய்ப் படுத்தது. அவர் அதன் காதைத் தடவிக்கொண்டே, "இதுவும் நம்ம சிப்பாயி மாரியே ஒரு காத மடிச்சிக்கினு கேக்குது பாரு" என்றார்.

என் பேனா நின்றுவிட்டது. சிப்பாயை உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"எங்க வூட்லதான கெடந்துச்சு, ஆறு வருசம்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"நீ கேக்கலியே. நீ வக்கீலு. சொன்னா, கேஸ் போட்டு என் நாயின்னு வாங்கிக்கினு பூடுவியோன்னு எம் புருசனுக்குப் பயம். நீ வண்டில வந்து எறங்கி, பூட்டுன வூட்டப் பாத்துக்கினு நின்ன பாரு, அன்னிக்கி அத்த உள்ள வெச்சி வாயப் பொத்திக்கினு குந்தினு இருந்தோம்."

அது என்னைப் பார்த்துக் குரைக்கப் பார்த்ததா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"வால ஆட்டுச்சு. வாயத்தான பொத்த முடியும், வால எப்பிடிப் பொத்துறது?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருந்துச்சு வக்கீலு. ஆடு ஓட்டிக்கினு போவும். கருவாடுன்னா உசுரு. வயசாயித்தான் போச்சு, மூணு வருசம் தாண்டிடிச்சி, மாசி மாசம். புங்கமரத்தடில பொதச்சோம். வந்தா காட்டறேன்" என்றார்.

அவருடைய மகளின் மனுவை முடித்துக் கொடுத்துவிட்டு, மேற்கண்டதை வாக்குமூலமாகப் பதிவு செய்து, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினேன். "செத்த நாயிக்கு இன்னாத்துக்குப்பா கையெழுத்து" என்று கேட்டுக்கொண்டே போட்டார்.

ஆக, சிப்பாயின் கணக்கு முழுமையாகக் கிடைத்துவிட்டது. பத்து வருடம் தாமதம். தாமதத்தை மன்னிக்கும்படி கோரி மனு எழுதி, செங்கேணியின் வாக்குமூலத்துடன் இதனோடு இணைத்திருக்கிறேன். என் மனுவுக்கு நானே தீர்ப்பு சொல்வது முறையல்ல, நீதான் சொல்ல வேண்டும். சசிரேகா அம்மாளை ஞாயிற்றுக்கிழமை உன் பன்னிரண்டு நாய்களிடம் அழைத்துப் போ. அவருக்கு எந்த நாயைக் கொடுத்தாலும் அந்த நாய் கொடுத்து வைத்தது. சாம்சன் சாருக்கும் ஒன்று கொடு. பத்து வருடத்தை மன்னிக்கக் கேட்கிறவன் அவருடைய இரண்டு வருடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது.

பையில் கட்டியதை எல்லாம் பவளம் அவிழ்த்துவிட்டாள். மனு நிலுவையில் இருக்கும் வரை மேற்படியை யாரும் இந்த வீட்டை விட்டு அழைத்துச் செல்லக் கூடாது. நீ வேலை மிகுதி உள்ளவள், அவசரப்பட வேண்டாம். விசாரணையை எத்தனை வருடம் வேண்டுமானாலும் தள்ளி வைத்துக்கொள், எதிர்த்தரப்பில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. இதை நான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அ.ஏ.