துண்டுக்குள் தீர்ப்பு

குத்துச்சண்டையில் முதல் சுற்றின் தீர்ப்பை வாய்விட்டுச் சொன்ன மறுகணமே சண்முகராஜாவுக்குத் தெரிந்துவிட்டது, தம் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இனி வரமாட்டார்கள் என்று.

"மேமலை அழகையாவுக்கு ஒரு புள்ளி" என்றுதான் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அழகையா விட்ட குத்து ஆத்துத்தோட்டத்து ரெங்கசாமியின் மூக்கில் விழுந்ததை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கூடியிருந்த இரண்டு தோட்டத்து ஜனமும் பார்த்தது. ஆனால் பார்ப்பது வேறு, பதுளைக் கடைவீதித் துணிக்கடை முதலாளி எழுந்து நின்று அதை உரக்கச் சொல்வது வேறு.

ஆத்துத்தோட்டத்துப் பெரிய கங்காணி மீசையைத் தடவிக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"மொதலாளி, மழைக்கு முந்தி எங்காளுகளுக்குக் கம்பளி எடுக்கணும்னு சொன்னேன்ல?"

"ஆமாங்க கங்காணி. கட்டியே வச்சிருக்கேன்."

"மொஹிதீன் கடையிலயும் நல்ல கம்பளி வந்திருக்காம்."

அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேமலையும் ஆத்துத்தோட்டமும் சண்முகராஜாவின் கடைக்கு இரண்டு கண்கள். எந்தக் கண்ணைக் குத்திக்கொள்வது?

எல்லாம் தேயிலைத் தோட்டத்துத் துரையால் வந்த வினை. போன வருஷம் சண்டை முடிகிறவரை தீர்ப்பை மூடி வைத்திருந்து கடைசியில் சொன்னதும், களத்தில் கல் பறந்தது. துரையின் தொப்பியும் பறந்தது. இந்த முறை அவர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் யார் முன்னால் என்று சொல்லிவிட்டால், கோபமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுமாம். சொல்வதற்கு இரண்டு தோட்டத்தையும் சேராத ஆள் வேண்டும் என்று சண்முகராஜாவுக்கு வண்டி அனுப்பிவிட்டார்.

"ரெண்டு பேரு அடிச்சுக்கிறத நாம ஏங்க எண்ணணும்?" என்று புறப்படும்போதே மனைவி வடிவம்மா கேட்டாள். துரை கூப்பிட்ட பெருமையில் அவர் காதில் அது ஏறவில்லை.

சுற்றுக்கு நடுவே அழகையாவின் மனைவி கருப்பம்மா தண்ணீர்ச் செம்போடு எழுந்தாள். புருஷனுக்குக் கொடுத்தாள். பிறகு நேராக எதிர் மூலைக்குப் போய் ரெங்கசாமிக்கும் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எதிராளிக்கும் தண்ணீர் கொடுக்க மனசு வருகிறதே, இந்தக் கங்காணிகளுக்கு இதில் கால்வாசி இருக்கக் கூடாதா என்று சண்முகராஜா உருகிப்போனார்.

உருகிய மனசில் ஒரு யோசனை உதித்தது. துரையிடம் ஓடினார்.

"தொர, வாய்விட்டுச் சொன்னா வம்பு. மாட்டுச் சந்தையில வெல பேசற மாதிரி துண்டுக்குள்ள சொல்லிடறேன். கட்டவெரலப் புடிச்சா ஆளு முன்னால. சுண்டுவெரலப் புடிச்சா பின்னால."

துரைக்கு அது பிடித்துப்போயிற்று. "நல்லது. ரெண்டு கங்காணிக்கும் சொல்லு. அவன் ஆள் எங்கே நிக்குது, அவனுக்குத் தெரியணும்."

தப்பு மேளம் முழங்கியது. இரண்டாம் சுற்றில் இருவரும் கையை ஓங்கினார்கள், இறக்கினார்கள், ஓங்கினார்கள். களைப்பு போலும் என்று சண்முகராஜா நினைத்துக்கொண்டார். யாருக்கும் புள்ளி இல்லை. அழகையாதான் இன்னும் முன்னால்.

சுற்று முடிந்ததும் தோளில் கிடந்த துண்டை விரித்துக்கொண்டு ஆத்துத்தோட்டத்துக் கங்காணியிடம் போனார். சுண்டுவிரலைத்தான் பிடிக்கப் போனார், சத்தியமாக. ஆனால் துண்டுக்குள் அந்தக் கை உரல் போல இருந்தது. மேலே மீசை துடித்தது. அவருடைய விரல்கள் தாமாகவே கட்டைவிரலுக்கு ஏறிவிட்டன.

கங்காணியின் முகம் மலர்ந்தது.

அந்த மலர்ச்சியை மேமலைக் கங்காணி பார்த்துவிட்டார். "என்ன மொதலாளி, அங்க சிரிப்பு பலமா இருக்கு?" என்று துண்டுக்குள் கையை நீட்டினார். அங்கேயும் கட்டைவிரல். அங்கே அது உண்மை என்பதுதான் சண்முகராஜாவுக்கு ஒரே ஆறுதல்.

இரண்டு கங்காணிகளும் தத்தம் ஆளிடம் ஓடிக் குனிந்து காதில் ஏதோ சொன்னார்கள். சண்முகராஜாவுக்கு அப்போதுதான் விபரீதம் உறைத்தது. முன்னால் நிற்கிறவன் ஏன் அடிவாங்கப் போகிறான்? ஒதுங்கி நின்றாலே ஜெயம். இரண்டு பேருமே முன்னால் என்றால்?

அதேதான் நடந்தது. கடைசிச் சுற்றான மூன்றாம் சுற்றில் அழகையா பின்வாங்கினான். ரெங்கசாமியும் பின்வாங்கினான். அழகையா இடப்பக்கம் ஓடினால் ரெங்கசாமி வலப்பக்கம் ஓடினான். துரை பொறுக்காமல் களத்தின் நடுவுக்கே வந்து தொண்டை வறளக் கத்தினார்.

"அடி. அவனை அடிடா. டேய், நீயாவது அடி."

இருவரும் துரையைச் சுற்றி ஓடினார்களே தவிர, ஒருவரை ஒருவர் தொடவில்லை. கடைசித் தப்பு அடிக்கிறவரை இதே கூத்துதான்.

களம் அடங்கியது. இனித் துண்டு உதவாது, வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு மீசைகள் நிச்சயமான வெற்றியோடு காத்திருந்தன. சண்முகராஜா முருகனை நினைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"ரெண்டு பேரும் சமம்."

கல் எதுவும் வராததால் மெல்லக் கண்ணைத் திறந்தார். இரண்டு கங்காணிகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆத்துத்தோட்டத்துக்காரர் முதலில் வந்து காதைக் கடித்தார்.

"செயிச்சது எங்காளுதான்னு தெரியும் மொதலாளி. பாவம், அவுக மானத்தக் காப்பாத்துனீங்க. கம்பளி ஒங்க கடையிலதான்."

சற்று நேரத்தில் மேமலைக்காரரும் ஏறக்குறைய அதையே சொன்னார். துரை தொப்பி தலையிலேயே இருந்த சந்தோஷத்தில், இரண்டு சண்டைக்காரருக்கும் தம் கணக்கில் ஆளுக்கொரு கம்பளி கொடுக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் கடையில் சண்முகராஜாவின் வாய் மூடவில்லை.

"தெரிஞ்சுக்க வடிவு. தீர்ப்பச் சொல்லவும் கூடாது, சொல்லாம இருக்கவும் கூடாது. துண்டுக்குள்ள வெரல மாத்தி வச்சேன் பாரு, அதுலதான் ரெண்டு தோட்டமும் சண்ட இல்லாம வீடு போய்ச் சேந்துச்சு."

அந்த நேரம் பார்த்துக் கம்பளி வாங்கக் கருப்பம்மா வந்து நின்றாள். பின்னால் அழகையாவும் ரெங்கசாமியும் பள்ளிப் பிள்ளைகள் போல ஒட்டி நின்றார்கள்.

"நீயே சொல்லும்மா," என்றார் சண்முகராஜா. "'நீதான் முன்னால'ன்னு கங்காணி அவரு காதுல வந்து சொன்னதுனாலதானே ஒன் வீட்டுக்காரரு அப்படி ஓடுனாரு?"

கருப்பம்மா கம்பளியின் முனையைக் கசக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"கங்காணி சொன்னத யாருங்க கேட்டா? மொத ரவுண்டுல எங்கண்ணன் மூக்குல இவரு குத்துனதுமே செம்பத் தூக்கிட்டுப் போயி ரெண்டு பேருகிட்டயும் சொல்லிட்டேன், இனிமே யாரு கை யாரு மேல பட்டாலும் அந்தக் கைக்கு என் வீட்டுல சோறு கெடையாதுன்னு."