ஒரு பெஞ்சுக்குப் பன்னிரண்டு திருத்தம்

கூட்டம் கூடி முடிவெடுக்கும் மனிதர்களில் தீர்மானம் கொண்டுவருபவர் ஒரு வகை, எதிர்ப்பவர் ஒரு வகை. இவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. மூன்றாவதாக ஒரு ஜீவன் உண்டு. எல்லோரும் ஒப்புக்கொண்டு, தலைவர் அடுத்த விஷயத்துக்குத் தாளைப் புரட்டும் அந்த நொடியில், பேனா மூடியால் மேஜையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "எனக்கு இதுல ஆட்சேபணையே இல்லை, ஒரே ஒரு சின்னத் திருத்தம்" என்பாரே, அவர். அவரை நீங்கள் பார்த்ததே இல்லை என்றால் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை என்று அர்த்தம். கொடுத்துவைத்தவர்.

எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. எங்கள் ஊர் மன்றத்தின் கீழ் ஒன்பது வாரியங்களும் குழுக்களும் இருக்கின்றன. விளக்குக் கம்பங்களுக்கு ஒன்று, நடைபாதைக்கு ஒன்று, இந்த இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளாமல் பார்க்க ஒன்று. இயற்கைப் பூங்காக் குழுவில் நடப்பதை எழுதிவைக்கும் குமாஸ்தா நான். பூங்கா என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு குளம், சுற்றிலும் நாணல், யாரும் நடாமல் தானே வளர்ந்த மரங்கள், ஒரு மண்பாதை. மாதம் ஒருமுறை மாலையில், நூலக மாடியில், ஒரு கால் ஆடும் நீள மேஜையைச் சுற்றி ஏழு பேர் உட்காருவார்கள். தலைவி பல் மருத்துவர். நாள் முழுக்க மற்றவர்களை வாய் திறக்கவைப்பவர், இங்கே வந்தால் ஒரே ஒருவர் வாயை மூடவைக்க முடியாமல் தவிப்பார்.

அந்த ஒருவர் ஓய்வுபெற்ற சர்வேயர்.

கெட்டவரா? இல்லவே இல்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து நாற்காலிகளைத் துடைத்துப் போடுபவர் அவர்தான். நிகழ்ச்சி நிரலை வீட்டிலேயே இரண்டு முறை படித்து, சிவப்பில் அடிக்கோடு போட்டு, விதிப் புத்தகத்துக்கு உறை மாட்டி எடுத்து வருவார். தப்பு நடந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் கவலை. எதுவுமே நடக்காவிட்டால் தப்பும் நடக்காது என்பதை அவர் எந்த வயதில் கண்டுபிடித்தாரோ, தெரியவில்லை.

ஒரு நாள் தையற்கடை நடத்தும் அம்மா ஒருவர் மனுவோடு வந்தார். கணவர் பஸ் டிரைவராக இருந்தவர். பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பூங்கா வாசலிலிருந்து குளத்து வளைவு வரை அவரால் நடக்க முடிகிறது, அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்தால்தான் திரும்பி வர முடியும், உட்கார ஒன்றுமில்லை, ஆகவே ஒரு பெஞ்ச் வேண்டும். மனு அரைப் பக்கம்தான். அதுவரை அந்த அம்மாவே தோள் கொடுத்து, அவரை நின்றபடி இளைப்பாறவைத்துக் கூட்டி வந்துகொண்டிருந்தாராம்.

ஐந்து நிமிடத்தில் எல்லோரும் சரி என்றார்கள். பேனா மூடி தட்டியது.

'பெஞ்ச்' என்பதை 'இருக்கை' என்று மாற்ற வேண்டும் என்றார். மாற்றினோம். அடுத்த மாதம், இருக்கைக்கு முதுகு உண்டா என்றார். முதுகு உண்டென்றால் எந்தப் பக்கம்? குளத்தைப் பார்த்து உட்கார்ந்தால் நாரைகள் கூச்சப்படும். குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவதற்கு எதற்குப் பூங்கா, வீட்டிலேயே உட்காரலாமே? இதில் இரண்டு கூட்டம் போயிற்று. பிறகு, 'குளத்து வளைவு' என்றால் எந்த வளைவு? குளமே வட்டம், வட்டத்தில் வளைவு இல்லாத இடம் எது? ஆராய மூவர் கொண்ட உபகுழு அமைந்தது. உபகுழு நேரில் பார்க்கப் போன அன்று மழை. மழையில் அளந்தால் குளம் அதிகமாகக் காட்டும் என்று திரும்பி வந்துவிட்டது. இப்படி ஒன்பது மாதத்தில் பத்துத் திருத்தம். ஒவ்வொன்றும் நியாயமானது. அதுதான் கொடுமை.

தையற்கடை அம்மா ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, மடியில் சட்டைகளை அடுக்கிப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பார். பத்தாவது கூட்டத்தில் மடி காலியாக இருந்தது. சர்வேயர் இருக்கையின் உயரத்தைப் பற்றிப் பதினோராவது திருத்தத்தை ஆரம்பித்தபோது அந்த அம்மா எழுந்து நின்றார்.

"நீங்க நிதானமாவே முடிவு பண்ணுங்க சார். போன வாரம் அவரு அங்கயே விழுந்துட்டாரு. என்னால தூக்க முடியல. இப்ப வாசப்படி தாண்ட மாட்டேங்கறாரு. ஊரே கூடி நமக்கு உக்கார ஒரு இடம் தேடுது, கிடைச்சதும் சொல்லுன்னு படுத்துட்டாரு."

சர்வேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றித் துடைத்தார். தலைவி கூட்டத்தை ஒத்திவைத்தார். 'மனுதாரர் தமது கருத்தைத் தெரிவித்தார்' என்று நான் எழுதினேன். வேறு என்ன எழுத?

பத்தே நாளில் குளத்து வளைவில் ஒரு பெஞ்ச் முளைத்திருந்தது. இரண்டு மரக்கட்டைகள், மேலே ஒரு தடித்த பலகை. யார் போட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் மன்றத்துக்குத் தெரிந்துவிட்டது. அனுமதியில்லாத பொருளை விதி பதினான்கின்படி அகற்றிவிட்டு அறிக்கை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது.

அடுத்த கூட்டத்தில் தலைவி அந்தத் தீர்மானத்தை வேண்டாவெறுப்பாகப் படித்தார். எதிர்க்க யாருக்கும் வழி தெரியவில்லை. பெஞ்சை அகற்றத் தலைகள் ஒவ்வொன்றாக ஆடின. தாள் புரண்டது.

பேனா மூடி தட்டியது.

"எனக்கு இதுல ஆட்சேபணையே இல்லை," என்றார் சர்வேயர். "ஒரே ஒரு சின்னத் திருத்தம். 'பெஞ்ச்'ங்கறத எடுத்துட்டு 'விழுந்து கிடக்கும் மரம்'னு போட்டுக்கலாம்."

தலைவி ஒன்றும் புரியாமல் பார்த்தார். விழுந்த மரத்தில் பூச்சிகள் குடியிருக்கும் என்பதால் அதை யாரும் அப்புறப்படுத்தக் கூடாது என்று விதி ஒன்பதைச் சர்வேயர் புத்தகத்தைப் பார்க்காமலே ஒப்பித்தார்.

"அதுல ஆணி அடிச்சிருக்கே?" என்றார் தலைவி.

"ஆணி அடிச்ச மரம் விழக் கூடாதுன்னு எங்கயும் இல்லை. பார்த்துட்டேன். அது மேல உக்காரக் கூடாதுன்னும் இல்லை."

நான்கு நிமிடத்தில் நிறைவேறியது. குழு தொடங்கிய நாளிலிருந்து எந்தத் தீர்மானமும் அத்தனை வேகமாக ஓடியதில்லை.

பிற்பாடு ஊர்த் தச்சர் ஒருவர் என்னிடம் சொன்னார். பலகை கேட்டு வந்த சர்வேயர், உயரம் சரியில்லை என்று கட்டைகளை மூன்று முறை திருப்பிக் கொண்டுவந்தாராம். நான்காவது முறை ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, குளக்கரையில் தானே முட்டி போட்டு மண்ணைக் கெட்டிப்படுத்தினாராம். அப்புறம் இடது காலை விறைப்பாக நீட்டிக்கொண்டு, உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, அரை மணி நேரம் பார்த்தாராம். தச்சருக்கு அவர் மூளையைப் பற்றிச் சந்தேகமே வந்துவிட்டது.

டிரைவர் மறுபடி வெளியே வர மூன்று வாரம் ஆயிற்று. மெதுவாக வந்து, வளைவில் உட்கார்ந்தார். அந்த அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். நாரைகள் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை.

சர்வேயர் திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? அடுத்த கூட்டத்திலேயே 'பூக்களைப் பறிக்காதீர்' என்ற அறிவிப்பைத் திருத்த எடுத்துக்கொண்டார். அப்படியென்றால் மிதிக்கலாமா? முக்கால் மணி நேரம். தலைவிக்குத்தான் பல் வலி வந்தது.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கால் வராதவர் பிடித்து எழுந்திருக்க அந்தப் பெஞ்சுக்கு ஒரு கைப்பிடி வைத்திருக்கலாமே என்று நடுவில் உங்களுக்குத் தோன்றியிருந்தால், நல்ல யோசனைதான், குறை சொல்லவில்லை. எழுத்தில் கொடுங்கள். குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது.