ஆலைப் பாடகனின் கடைசி மூச்சு

பத்துத் தலை சேராவிட்டால் சனிக்கிழமை மாலை அறை இனி சிரிப்புப் பயிற்சிக் குழுவுக்குத்தான் என்று நூலகர் கறாராகச் சொல்லிவிட்டார். காப்பீட்டு அலுவலகக் கணக்கர் மறுபடி எண்ணினார். மனைவியின் தம்பியையும் சேர்த்துச் சரியாகப் பத்து. ஒருவர் எழுந்து போனாலும் கதை கந்தல்.

எண்பதுகளின் நியூ வேவ், போஸ்ட் பங்க் வகை ராக் பாட்டுகளைத் தோண்டியெடுத்து, அவை பிறந்த கதையோடு போட்டுக் காட்டுவது அவருடைய பணி. பணி என்று அவர்தான் சொல்வார். வீட்டில் அதற்கு வேறு பெயர். இன்றைய கண்டுபிடிப்பு, பழைய சாமான் கடையில் கிடைத்த, பெயர்ச்சீட்டு கிழிந்த இசைத்தட்டு. முள்ளை வைத்தார். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல ஓர் ஆண்குரல் ஊர்ந்து வந்தது.

முன்வரிசையில் இருந்த பல் மருத்துவர் கொட்டாவியை மென்று விழுங்கினார். "ஏன் சார் இவ்ளோ இழுக்கறாரு?"

கணக்கருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் கிடையாது. பாடகன் ஆலைத் தொழிலாளி, வேலை போன துக்கம் என்றார். எந்த ஆலை என்று மைத்துனன் கேட்டுத் தொலைத்தான். பெயர் அகப்படாததால் ஆலையைக் கொளுத்திவிட்டார். தீ என்றதும் மருத்துவருக்குத் தூக்கம் கலைந்தது. புகையில் நுரையீரல் என்னாயிற்று என்று விசாரித்தார். பாதி போய்விட்டது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி பாடியதுதான் இது என்றார் கணக்கர்.

மைத்துனன் எழுந்தான். "பாடி முடிச்சாருல்ல, அப்ப பொழச்சிட்டாரு. நான் கெளம்பறேன் மாமா."

பத்து ஒன்பதாகும் நேரம். கணக்கர் துணிந்து பாடகனைக் கொன்றார்.

"கடைசி வரியப் பாடினாரு. அதோட சரி."

மைத்துனன் அப்படியே உட்கார்ந்தான். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலை எண்ண வந்த நூலகர் எண்ண மறந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, வருஷம் முழுக்க அறை உங்களுக்குத்தான் என்றார். எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். மௌனத்துக்குப் பின்னணியாகத் தட்டு முனகிக்கொண்டிருந்தது. கணக்கரே கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். எப்பேர்ப்பட்ட கலைஞனை இழந்துவிட்டோம்.

நாற்காலி அடுக்க வந்த துப்புரவுப் பெண்மணி சற்று நின்று காது கொடுத்தாள். பிறகு இசைப்பெட்டியின் குமிழைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"வேகத்தக் கொறச்சு வெச்சிட்டீங்க சார், ஏத்திவிட்டா குதிச்சுக் குதிச்சுப் பாடற பொண்ணு கொரலு இது, எங்க மாடி வீட்டு அக்கா சின்ன வயசுல பாடின தட்டு, அவங்க வீட்ல கேட்டிருக்கேன், போன வாரம்கூட ஒரு கல்யாணத்துல பாடி எல்லாரையும் ஆட வெச்சாங்க."