மெல்பேர்ணுக்குப் போன கசெற்

“நடந்து காட்டுறதுக்கு நான் என்ன சந்தைக்கு வந்த மாடோ, அப்பா?”

“நடக்கத் தேவையில்லை, பிள்ளை. இதில பன்னிரண்டு மடங்கு சூம் இருக்கு. நீ இருந்த இடத்தில இருந்து சிரி. நான் கிட்ட வருவன்.”

கிருசாந்தி சிரிக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் அவளுடைய படத்தைப் பார்த்ததோடு நின்றுவிட்டன. மூன்றாவதாக வந்த மெல்பேர்ண் மாப்பிள்ளை வீட்டார், படம் போதாது, வீடியோ வேண்டும் என்றார்கள். இதையும் தவறவிடக்கூடாது என்று தகப்பன் ஏரம்பமூர்த்தி ஹென்டர்சன் கடைத்தெருவில் மூன்று கடை ஏறி இறங்கி, நேற்றுத்தான் அந்தக் கமெராவை வாங்கிவந்தார்.

சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அவள் பல்லைக் கடித்தபடி சிரித்தாள். மீண்டும் அழுத்தினார்.

“நிப்பாட்டிட்டன்.”

“அவர் என்ன, கடையில சேலை விரிச்சுப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்ப்பாரோ?”

“முகம்தான் கொஞ்சம் இருட்டு,” என்று ஏரம்பமூர்த்தி கமெராவின் தலையில் விளக்கைப் பூட்டினார். இரண்டாவது சிரிப்புக்குள் அதன் சூட்டில் அவளுடைய கண்மை கன்னத்துக்கு இறங்கிவிட்டது. நிப்பாட்டினார்.

“முதல்ல அவரைக் கோப்பை கழுவி ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்கோ! அவர் அனுப்பின படத்தில கழுத்துப்பட்டியே கோணல்.”

“மெல்லக் கதை, பிள்ளை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கப்போகுது,” என்று குசினியிலிருந்து தாய் யோகராணி கெஞ்சினாள்.

“கமெராவுக்கெல்லோ கேட்காது!” ஏரம்பமூர்த்தி கவலையோடு புது மைக்கை மகளின் சேலையில் குத்தினார். ஊசி தோளில் ஏறியது. அவள் துள்ளியெழ, வயர் இழுபட்டு, கமெரா முக்காலியோடு சோபாவில் சாய்ந்தது. நிமிர்த்தி வைத்து, கடைசிச் சிரிப்பையும் எடுத்து நிப்பாட்டினார்.

“எனக்கு அவரைப் பிடிச்சிருக்கோ எண்டு ஒருத்தராவது கேட்டியளோ? மூண்டு பேர் பார்ப்பினம், மூண்டு பேர் யோசிப்பினம். நான் சிரிச்சுக்கொண்டே இருக்கோணுமோ?”

ஏரம்பமூர்த்தி கமெராவைக் கையில் எடுத்தார். பதிந்ததைப் போட்டுப் பார்க்க முடியவில்லை. விளக்கு பற்றரியைக் குடித்து முடித்திருந்தது. மெல்பேர்ணுக்குப் பறக்கவிருந்த நண்பர் மகேசன் வாசலில் ஹோர்ன் அடித்தார். கசெற் அவர் கையில் போனது.

ஆறாம் நாள் மாப்பிள்ளையின் தாய் ஃபோன் எடுத்தாள்.

“பார்த்தியளோ அக்கா? பிள்ளை சரியான அமைதி,” என்றார் ஏரம்பமூர்த்தி.

“அமைதியோ? அண்ணை, நீங்கள் பொத்தானை மாறி அமத்தியிருக்கிறியள். சிரிச்சது ஒண்டும் இதில இல்லை, ‘நிப்பாட்டிட்டன்’ எண்டதுக்குப் பிறகு நடந்தது மட்டும்தான் இருக்கு. என்ர மகன் நாலு தரம் போட்டுப் பார்த்திட்டு இப்ப எனக்குப் பக்கத்திலதான் நிக்கிறார். பிள்ளையிட்ட ஒருக்கால் ஃபோனைக் குடுங்கோ, தன்னை நேராயும் ஏசட்டாம்.”