கம்பளி போர்த்திய பிரேக்கர்

"வண்டி இதுக்கு மேல வராதுண்ணா," என்றாள் தீபிகா போனில். "ஒண்டிக்கடை முக்குலயே நிக்கிறோம். செம்மநத்தம் ரோட்டுல பாலம் பாதிதான் இருக்காம். டிரைவர் சாவியக் கழட்டி டவுசர் பையில போட்டுட்டாரு."

காளியண்ணன் தலையில் கை வைத்தார். செம்மநத்தத்தை ஒட்டிய காபி எஸ்டேட்டுக்கு அவர்தான் எலெக்ட்ரீஷியன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மின் ஆய்வாளர் வருகிறார். அதற்குள் காபிப் பழம் அரைக்கும் கொட்டகையின் மெயின் பிரேக்கருக்குச் சோதனைச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும்.

"சர்டிபிகேட் இல்லேன்னா கொட்டாய்க்கு சீல்," என்று மேனேஜர் நேற்றே சொல்லிவிட்டார். "சீல் வெச்சுட்டா, கரண்டு வேலையச் சேலத்துக் கம்பெனி பாத்துக்கும். நீ மம்பட்டி எடுத்துட்டுக் களை வெட்டப் போயிரு."

காளியண்ணனுக்கு மண்வெட்டி என்றால் ஆகாது. அதற்கும் அவரை ஆகாது.

மெயின் பிரேக்கர் என்பது சாமானியப்பட்ட ஆள் இல்லை. கம்பத்திலிருந்து வரும் மின்சாரம் அதற்குள் நுழைந்து வெளியேறித்தான் கொட்டகைக்குள் போக முடியும். அதைக் கழற்றிவிட்டால் உள்ளே ஒரு குண்டு பல்பு கூட எரியாது. அளவுக்கு மேல் கரண்டு பாய்ந்தால் அது தானே 'டப்'பென்று விழுந்து, மோட்டாரையும் ஆட்களையும் காப்பாற்ற வேண்டும். விழுகிறதா என்று பார்க்கத்தான், ஆயிரக்கணக்கான ஆம்பியரை அதற்குள் திணிக்கும் மிஷினோடு தீபிகா சேலத்திலிருந்து ஏறி வந்திருந்தாள்.

"அந்த மிஷின எறக்கி எங்க ஜீப்புல ஏத்த முடியாதுங்களா, அம்மிணி?"

"ஏத்தலாம்ணா. அப்புறம் ஜீப்ப யாரு தூக்குறது?"

காளியண்ணன் ஒரு நொடிதான் யோசித்தார்.

"அப்ப அங்கயே நில்லுங்க. பிரேக்கர் அங்க வரும்."

லைன்மேனுக்குப் போன் போட்டு லைனை நிறுத்தச் சொன்னார். அந்தப் பிரேக்கர் மேசை இழுப்பறை போல முன்பக்கமாக உருவிக்கொண்டு வரும் வகை. வருவது என்னவோ சுலபம்தான். வந்த பிறகு அதைத் தூக்கிய நான்கு பேரும் அன்று முழுக்க வணக்கம் வைத்தபடியே நடந்தார்கள். முதுகு நிமிரவில்லை.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. பிரேக்கர் நனையக்கூடாதென்று காளியண்ணன் தன் கம்பளியைப் போர்த்தி, கயிறு கட்டி, ஜீப்பின் பின்சீட்டில் உட்கார வைத்து, தோளில் கைபோட்டு அணைத்துக்கொண்டார். டிரைவர் முருகன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கல்யாணத்தன்னைக்குக்கூட நீங்க இப்படி உக்காரலீங்க," என்றான்.

எஸ்டேட் வளைவில் சாந்தாமேரி குடையோடு நின்றிருந்தாள். செம்மநத்தத்தில் அவளிடம் சொன்ன சேதி, சொன்னவர் வீடு திரும்புவதற்குள் அவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடும். ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"ஏனுங்க, ஆருக்கு முடியலீங்க?"

"பிரேக்கருக்குங்க."

"வெள்ளைக்காரருங்களா?"

விளக்கிச் சொல்ல நேரமில்லை. "ஆமாங்க, ஜெர்மன்காரரு. வழிய உடுங்க."

"மூச்சு இருக்குதுங்களா?"

"அதப் பாக்கத்தானுங்க கூட்டிட்டுப் போறன்."

ஜீப் கிளம்பியது. சேதி அதை முந்திக்கொண்டு கிளம்பியது. முதல் வளைவில், எஸ்டேட்டுக்கு வந்த ஜெர்மன்காரருக்குக் கரண்டு அடித்துவிட்டது. அடுத்த வளைவில், காப்பாற்றப்போன காளியண்ணனையும் சேர்த்து அடித்துவிட்டது. கொட்டச்சேட்டில் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த காவேரியின் காதில் விழும்போது ஜெர்மன்காரர் பிழைத்திருந்தார். அவளுடைய கணவர் காளியண்ணன்தான் போய்விட்டிருந்தார்.

ஒண்டிக்கடையில் தீபிகா காத்திருந்தாள். மிஷினைப் பார்த்ததும் காளியண்ணனுக்கு மரியாதை வந்துவிட்டது. கோயில் உண்டியலுக்குச் சக்கரம் வைத்தது போல இருந்தது. அதிலிருந்து தொங்கிய கேபிள்கள், ஆட்டை விழுங்கிவிட்டுத் தூங்கும் மலைப்பாம்புகள்.

"இதுக்கு நல்ல சப்ளை வேணும்ணா."

எதிரே ஒரு பேக்கரி. காளியண்ணன் போய்க் கெஞ்சினார். பேக்கரிக்காரர் நல்ல மனிதர், பிளக்கைக் காட்டினார். தீபிகா, "இது போதாதுங்கண்ணா" என்று சொல்லி முடிப்பதற்குள் காளியண்ணன் சுவிட்சைத் தட்டிவிட்டார்.

அப்புறம் பேக்கரி இருண்டது. பக்கத்துக் கடை இருண்டது. அதற்கும் பக்கத்தில் பாதி முகச்சவரம் முடிந்த ஒருவர் சோப்பு நுரையோடு வெளியே வந்து, "ஆருங்க அது?" என்று கேட்டார். அடுப்புக்குள் இருந்த கேக்குகள் அத்தனையும் ஒரே மூச்சில் அடை ஆகிவிட்டன.

"மூணு ஃபேஸ் வேணும்ணா," என்றாள் தீபிகா, விட்ட இடத்திலிருந்து.

மூன்று ஃபேஸ் இருந்தது ஐயாக்கண்ணுவின் மாவு மில்லில். வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் பெண்கள் கேழ்வரகுத் தூக்கோடு வரிசையில் நின்றார்கள். ஐயாக்கண்ணு மாவு படிந்த புருவத்தை உயர்த்தினார்.

"இங்க அரைக்கறவங்களுக்குத்தான் கரண்டுங்க. அரைக்காதவங்களுக்கு வரிசையில எடமில்ல."

"எம் பொழப்பு போயிருமுங்க."

"வரிசைய ஒடச்சா எம் பொழப்பு போயிருமுங்க."

ஞாயமான பேச்சு. காளியண்ணன் போய் ஒரு மூட்டை கேழ்வரகு வாங்கி வந்து வரிசையின் கடைசியில் நின்றார். முன்னால் அவர், பின்னால் மூட்டை, அதற்கும் பின்னால் கம்பளி போர்த்திக்கொண்டு பிரேக்கர். அவர் ஓர் அடி நகர்ந்தால் முருகன் பிரேக்கரை ஓர் அடி நகர்த்தினான்.

மில் வாசலை நெருங்கியபோது பஸ் வந்து நின்றது. காவேரி இறங்கினாள். தலைவிரி கோலம். தரையில் கம்பளி மூட்டையைப் பார்த்தாள். அவ்வளவுதான், ஓடிவந்து அதன்மேல் விழுந்தாள்.

"என்னைய உட்டுட்டுப் போயிட்டீங்களே சாமி. ஒடம்பெல்லாம் இப்படி வெறச்சுப் போச்சுங்களே."

"மெதுவா, புள்ள," என்றார் காளியண்ணன் மேலிருந்து. "பொத்தான் ஒடஞ்சிரும்."

காவேரி நிமிர்ந்து பார்த்தாள். அழுகை எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகவே உள்ளே போனது.

"உசுரோட இருக்கறவரு ஒரு போன் பண்ணப்படாதுங்களா? பாதி வழி வரைக்கும் உங்களப்பத்தி நல்லதாவே சொல்லிட்டு வந்துட்டன். பஸ்ல எல்லாருங் கேட்டாங்க. இப்ப நான் என்ன பண்றது?"

வரிசையில் இருந்த பெண்கள் காவேரியின் கட்சியில் சேர்ந்துகொண்டார்கள். அதற்குள் ஐயாக்கண்ணு கூப்பிட்டார்.

"காளியண்ணன், உங்க மொறை. மாவா, கரண்டா?"

"கரண்டுங்க."

தீபிகா பாம்புகளைப் பிரேக்கரில் மாட்டினாள். "எல்லாரும் தள்ளி நில்லுங்க. வோல்ட்டு டார்ச் லைட்டு அளவுதான். கரண்டுதான் ஆயிரக்கணக்குல போகும்."

பொத்தானை அழுத்தினாள். கேபிள்கள் தரையிலிருந்து துள்ளி எழுந்து ஆடின. ஒரு பெண்ணின் கொண்டை ஊசி தானாகக் கழன்று போய்க் கேபிளில் ஒட்டிக்கொண்டது என்று ஒண்டிக்கடையில் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்கள். வரிசை மொத்தமும் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. எப்படிப் போனது என்று யாரும் பார்க்கவில்லை. மில்லின் ஃபியூஸ் போனது.

பிரேக்கர் மட்டும் அசையவே இல்லை.

"ட்ரிப் ஆகலைண்ணா," என்றாள் தீபிகா.

"ஆவாதுங்க," என்றார் காளியண்ணன் பெருமையோடு. "எங்கைக்கு வந்த நாள்ல இருந்து ஒருக்காகூட ஆனதில்ல. நொம்ப அழுத்தக்காரன்."

"அது பெருமை இல்லைண்ணா. சீக்கு. இப்படியே இருந்தா நான் ஃபெயில்னுதான் எழுதணும்."

காளியண்ணனின் கண்முன்னால் ஒரு மண்வெட்டி வந்து நின்று போனது. ஆனால் அவர் அதற்குள் தோற்றுப்போகிற ஆளில்லை. "தெறங்க," என்றார்.

தீபிகா மூடியைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் காளியண்ணன் வைத்த சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காக இறுகி, உள்ளே விசைக்கம்பியைச் சிறைபிடித்திருந்தன. இடுக்கில் பொரி இருந்தது. கடலை இருந்தது. எலுமிச்சையின் தோல் ஒன்று கல்லாகிக் கிடந்தது.

"எனக்கு ஒரு பொட்டுச் சந்தனம் வாங்கியாந்ததில்ல," என்றாள் காவேரி. "இதுக்குக் கொடங்கொடமாக் கரைச்சு ஊத்தியிருக்கறாரு." மில்லில் மாவு தட்டும் பிரஷைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கோபத்தில் இருக்கும் மனைவி தேய்ப்பதைப் போல உலகத்தில் எந்த மிஷினும் தேய்க்காது. சிறிது நேரத்தில் பிரேக்கர் ஜெர்மனியில் பிறந்த நாளில் இருந்ததைப் போல மின்னியது. தீபிகா எண்ணெய் இட்டாள். ஐயாக்கண்ணு முணுமுணுத்துக்கொண்டே புது ஃபியூஸ் போட்டார்.

மறுபடியும் பொத்தான். மறுபடியும் பாம்பாட்டம்.

டப்.

பிரேக்கர் விழுந்தது. இன்னொரு முறை. டப். கரண்டைக் கூட்டினாள். கண்ணிமைப்பதற்குள் டப். சாலைக்கு அந்தப் பக்கமிருந்து வரிசை மொத்தமும் கைதட்டியது. தீபிகா மாவு படிந்த கையாலேயே சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள். காளியண்ணன் அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிரேக்கருக்கு மறுபடியும் கம்பளி. இந்த முறை அதன் ஒருபக்கம் அவர், இன்னொரு பக்கம் கேழ்வரகு மூட்டை, மூட்டைமேல் காவேரி.

சரியாக ஐந்து மணிக்கு ஜீப் கொட்டகை வாசலில் நின்றது. மேனேஜரும் ஆய்வாளரும் அப்போதுதான் பங்களாவிலிருந்து வந்து இறங்கினார்கள். காளியண்ணன் இறங்கி, சான்றிதழை இரண்டு கையாலும் நீட்டினார்.

ஆய்வாளர் கண்ணாடியை மாட்டி வரிவரியாகப் படித்தார். "பிரமாதம். இவ்வளவு துல்லியமா ட்ரிப் ஆகற பிரேக்கர நான் இந்த மலையில பாத்ததில்ல."

மேனேஜர் காளியண்ணனின் முதுகில் தட்டினார். "சேலத்துக் கம்பெனிக்காரங்கள வர வேண்டாம்னு சொல்லிடறேன்யா."

"பிரேக்கர மாட்டிக் கரண்ட உடுங்க," என்றார் ஆய்வாளர். "பழம் அரைக்கற பல்ப்பர் மிஷின் ஓடறத ஒருதடவ பாத்துட்டுக் கெளம்பறேன்."

காளியண்ணன் மார்பை நிமிர்த்திக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தார். பிரேக்கர் இருந்த பெட்டி வாயைத் திறந்தபடி காலியாகக் கிடந்தது. பல்ப்பரில் பழம் போடும் முத்தாயி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"எங்க போற முத்தாயி? கரண்டு இப்ப வந்துரும். பழத்தக் கொண்டாந்து கொட்டு."

"பழம் ஏதுங்க?" என்றாள் முத்தாயி. "நீங்க அந்தக்கட்டப் போனீங்க, இந்தக்கட்ட லைன்மேன் கரண்டு உட்டுட்டாரு, அந்தப் பொட்டி காலியாக் கெடந்தாலும் நானும் எப்பயும் போலப் பல்ப்பரப் போட்டு அத்தனையும் அரைச்சு முடிச்சுட்டனுங்களே."