சிவப்பு டேப்பும் வஞ்சிரம் வறுவலும்

படிப்பு ஏற ஏற அறிவும் ஏறும் என்று சொன்ன புண்ணியவான் என்னைப் பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார்.

அப்போது வில்லியனூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் பிஎச்டி செய்துகொண்டிருந்தேன். மணப்பட்டில் மீன் விற்கும் என் அம்மா, ஒரு வெள்ளிக்கிழமை வஞ்சிரம் வறுவலோடு வந்து நின்றாள். வரும்போதே மிரட்டல்.

"நாலு வருஷமா இன்னாடி பண்ற? தெருவுல கேக்குறாங்க. எனக்குப் புரியற மாதிரி சொல்லு. இல்லனா மாப்ள பாத்துடுவேன்."

விளக்குவதில்தான் நான் புலியாயிற்றே! ஃப்ரீசரிலிருந்து என் டப்பாவை எடுத்தேன். ஆறு மாதம் உயிரைக் கொடுத்துப் பிரித்தெடுத்த என்சைம் அதில் இருந்தது. (திங்கட்கிழமை கமிட்டிக்குக் காட்ட என்னிடம் இருந்ததே அது ஒன்றுதான்.) மேலே ஒரு துண்டு சிவப்பு டேப்பை ஒட்டினேன்.

"கிருமி வந்துடுச்சு, வளரு, நிறுத்துன்னு உடம்பு செல்லுக்கு சிக்னல் அனுப்பும்மா. அந்த சிக்னலத் தூக்கினு போற புரதத்து மேல யூபிக்விட்டின்னு இந்த டேப் மாதிரி ஒரு சீட்டு ஒட்டிட்டா, செல்லு அதைக் குப்பைல போட்டுரும். என் என்சைம் அந்தச் சீட்டப் பிச்சிரும். புரதம் பொழைச்சிக்கும். ரொம்பப் பிச்சா செல்லு கண்டபடி வளர்ந்து புத்துநோய்கூட வரலாம்."

"சரி, பிச்சிக் காட்டு."

வறுவல் வாசனை மூக்கைத் துளைத்தது. "சாப்ட்டு வந்து பிக்கறேம்மா" என்று டப்பாவை டேப்போடு ஃப்ரீசருக்குள் வைத்தேன்.

வெள்ளி மதியம் எங்கள் ஃப்ரீசரைச் சுத்தம் செய்யும் நேரம். சிவப்பு டேப் ஒட்டிய டப்பாக்களை உதவியாளர் கோவிந்தன் அண்ணன் கேள்வி கேட்காமல் அள்ளிப்போய், பெரிய குக்கர் மாதிரி ஓர் இயந்திரத்தில் வேகவைத்துக் கொட்டிவிடுவார். (அந்த விதியைப் போட்ட மேதை நான்தான்.)

கை கழுவி வந்து பார்த்தால் ஃப்ரீசர் பளிச்சென்று இருந்தது.

"அண்ணே, என் டப்பா?"

"டேப் இருந்துச்சேம்மா. வெந்துடுச்சு."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"அழாதடி. இப்பத்தான் எனக்கு நல்லாப் புரிஞ்சுது. பிக்கலன்னா குப்பை. அதான?"

நாலு வருடத்தில் நான் உருப்படியாக விளக்கிய பாடம் அது ஒன்றுதான். கமிட்டி என்னை வறுத்தெடுத்து ஆறு மாதம் தள்ளிப்போட்டது. அம்மா சொன்ன சொல் மாறாமல் மாப்பிள்ளையைத் தள்ளிப்போட்டாள்.

இன்று நான் டாக்டர். ஆனால் வீட்டில் புதுக் குண்டான் வாங்கினால் ஸ்டிக்கரை ஒருவரும் தொடுவதில்லை; பிய்ப்பது டாக்டர் வேலையாம். போன பொங்கலுக்கு அது ஸ்டிக்கரோடே அடுப்பில் ஏறப்போனதைப் பார்த்துப் பதறி ஓடினேன். அம்மா நிதானமாகச் சொன்னாள்:

"இன்னாடி அவசரம்? சாப்ட்டு வந்து பிச்சிக்கோ."